ஆயத்தம்

விண்ணப்பப் படிவத்தின் நான்காம் பக்கத்தில், ரத்த வகைக்கும் வாகனக் காப்பீட்டு எண்ணுக்கும் நடுவில், அந்த வரி இருந்தது. பங்கேற்பவர் பெண்ணாக இருந்தால் கணவர் அல்லது பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தை இணைக்க வேண்டும். எனக்கு வயது 44. 18 வருடங்களாகக் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். என் சம்பளச் சான்றிதழை வைத்துத்தான் இந்த வீட்டுக்குக் கடனே கிடைத்தது. கணவர் என்று யாரும் இப்போது இல்லை. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. மிச்சம் இருப்பது அம்மா. 71 வயதில் முழங்கால் வலியோடு உள்ளறையில் படுத்திருப்பவளிடம் போய், நான் மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடு என்று கேட்க வேண்டும்.

படிவத்தை அப்படியே மூடி வைத்தேன். மூன்று வாரம் இருந்தது. மற்ற ஆயத்தங்களைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எல்லாம் முடிந்த பிறகும் அந்த நான்காம் பக்கம் அங்கேயேதான் இருக்கும் என்பது தெரிந்துதான் இருந்தது.

இந்த ராலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேரணி என்று எழுதினால் கொடி பிடித்துப் போவதாக நினைத்துக்கொள்வீர்கள். இது ரேஸும் இல்லை. 24 மணி நேரத்துக்குள் ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வர வேண்டும். புறப்படுவதற்கு முந்தின மாலை ஒரு புத்தகம் தருவார்கள். அதில் பல இடங்கள் இருக்கும். ஒரு கலங்கரை விளக்கம், ஒரு பழைய கோட்டை வாசல், மலை மேல் ஓர் அணை. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அங்கே போய், நமக்குத் தந்த எண் எழுதிய துணியை வண்டியில் விரித்துப் போட்டுப் படம் எடுக்க வேண்டும். எல்லா இடத்துக்கும் யாராலும் போய்விட முடியாது. எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் ஆட்டமே. நடுவில் மூன்று செக்பாயிண்ட். குறித்த நேரத்துக்குள் அங்கே நிற்க வேண்டும். தாமதித்தால் நிமிடத்துக்கு இத்தனை என்று புள்ளி குறையும், ஒரு வரம்பைத் தாண்டினால் வெளியே. தூங்குவதற்கும் புள்ளி உண்டு. நின்ற இடத்திலிருந்து பெட்ரோல் ரசீது காட்டி, இத்தனை மணி நேரம் நகரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். வேகமாக ஓட்டுகிறவரைவிடக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு உகந்த விளையாட்டு. அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய 'அயர்ன் பட்' ராலியின் வழியில் வந்தது இது. அங்கே 11 நாள், சுமார் 11,000 மைல். நமக்கு ஒரு நாள்தான்.

வாட்ஸ்அப் குழுவில் ஆயத்தம் என்றால் வண்டி. டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, செயின் எவ்வளவு தொய்யலாம், பஞ்சர் திரி எந்த நிறுவனம், கூடுதல் விளக்குக்கு பேட்டரி தாங்குமா. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கும். மெக்கானிக் தம்பி "அக்கா, நீங்களே பண்ணுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று சொல்லி விட்டதில் கிளட்ச் கேபிள் மாற்றப் பழகினேன். பழைய கேபிளோடு ஒட்டியே புதுக் கேபிளையும் ஓடவிட்டுக் கட்டி வைத்தால், அறுந்தால் வழியில் ஐந்து நிமிட வேலை. ஆனால் குழுவில் ஒரு கேள்வி மட்டும் வரவே இல்லை. தண்ணீர் குடிப்பதா வேண்டாமா?

நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் விதி, தாகம் எடுப்பதற்கு முன்பே குடி. உடம்பில் நீர் குறைந்தால் கவனம் சிதறும், கண் செருகும். ஆறாம் வகுப்பிலிருந்து நான் எடுத்த பயிற்சி இதற்கு நேர் எதிர். பஸ் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். என் வகுப்புப் பெண்களைச் சுற்றுலா அழைத்துப் போகும்போது இன்றும் பாட்டில்கள் நிரம்பியபடியே திரும்பி வருகின்றன. ஆண்களுக்கு இந்த விளையாட்டில் காலோடு போகும் ஒரு குழாய் ஏற்பாடே உண்டு. வெளிநாட்டில் அதைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசிக்கொள்கிறார்கள். நான் ராமேஸ்வரம் வரை ஒத்திகை ஓட்டிய நாளில், புதுக்கோட்டை தாண்டி, பயன்படுத்தக்கூடிய கழிப்பறை உள்ள பங்குகளை மட்டும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போனேன். அந்த நோட்டுதான் என் ராலிக்கு அடிப்படை வரைபடம். புள்ளி அதிகமுள்ள இடத்தையல்ல, இந்த நோட்டில் உள்ள இடங்களைத் தொட்டுக்கொண்டு போகிற பாதையைத்தான் நான் போட வேண்டும்.

தொழில்புத்தி போகாதே. இதற்கு முன் ஓட்டிய பெண்கள் எப்படி ஆயத்தமானார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் என்ன நடந்தது என்பதுதான் அரை வரி, கால் வரி.

1916இல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு இந்தியன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, ஜூலை தொடங்கி செப்டம்பருக்குள் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 5,500 மைல். தார் என்பதே அரிதான காலம். கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், மோட்டார் வாகனத்தில் போன முதல் பெண்கள் அவர்கள்தான். அமெரிக்கா முதல் உலகப் போரில் இன்னும் இறங்கவில்லை. ஆனால் நாடு போருக்குத் தயாராக இருக்க வேண்டும் என்று ஓர் இயக்கம் அங்கே நடந்துகொண்டிருந்தது. அதன் பெயரே 'ஆயத்த இயக்கம்'. சகோதரிகள் அதில் இருந்தார்கள். ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் வேலையைப் பெண்களும் செய்யலாம், அதனால் ஓர் ஆண் போர்முனைக்குப் போகலாம் என்பது அவர்கள் வாதம். அதை நிரூபிக்கத்தான் இத்தனை தூரமும்.

போருக்கு ஆள் அனுப்புவதற்காகப் போட்ட இந்தக் கணக்கு எனக்கு உவப்பானதில்லை. ஆனால் அதற்குக் கிடைத்த பதிலைப் பாருங்கள். வழியில் சிற்றூர்களில் போலீஸ் அவர்களைப் பிடித்தது. ஓட்டியதற்காக இல்லை, ஆண்களைப் போல் கால்சட்டை போட்டிருந்ததற்காக. மோட்டார் சைக்கிள் பத்திரிகை வண்டியைப் புகழ்ந்தது, ஓட்டியவர்களை அல்ல. அடலின் ராணுவத்துக்கு விண்ணப்பித்தார், நிராகரித்தார்கள். கண்டத்தையே கடந்து வந்த பிறகும், தோல் கால்சட்டைதான் குற்றப் பத்திரிகையில் ஏறியது. அடலின் பின்னாளில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். அகஸ்டா விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அவர்களுக்கு ஒரு வருடம் முன்னால், 1915இல், அதே புரூக்ளினிலிருந்து எஃபி ஹாட்ச்கிஸ் என்ற இளம்பெண் ஹார்லி-டேவிட்சனில் சான் பிரான்சிஸ்கோ போனார். சைட்காரில் அவருடைய அம்மா ஏவிஸ். மகள் தனியாகப் போகக்கூடாது என்பதால் அம்மா ஏறினாரா, அம்மாவுக்கே ஊர் பார்க்கும் ஆசையா என்று நான் வெகுநேரம் யோசித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடும் என்பது நம் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் தெரியும். வழியில் மாற்று டியூப் தீர்ந்துபோனபோது, போர்வையை வெட்டிச் சுருட்டி டயருக்குள் திணித்து ஓட்டியிருக்கிறார்கள். சைட்காரில் போர்வை வைத்தது யார் யோசனை என்று சொல்லத் தேவையில்லை. அம்மாக்கள் எடுத்து வைக்கும் பொருள்தான் அது.

என் அம்மா வாழ்நாள் முழுக்கப் பின்சீட்டுக்காரி. அவளுடைய இடது கணுக்காலுக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. எனக்கு ஐந்து வயது; நான் முன்னால் டாங்க் மேல், அப்பா ஓட்ட, அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்க, புடவை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கம்பி வலை இருந்தும் நடந்தது. அந்தக் கம்பி வலைக்கு நம் ஊரில் பெயரே 'சாரி கார்டு'. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், உடை சிக்காமல் பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. எத்தனையோ கால்களைக் காப்பாற்றியிருக்கும். விதியில் பெண் என்று எங்கும் இல்லை. தெருவில் வைத்த பெயரில் இருக்கிறது. வண்டியைக் கற்பனை செய்தபோதே பெண்ணை எங்கே உட்கார வைத்துப் பார்த்தார்கள் என்று அந்தப் பெயர் காட்டிவிடுகிறது.

ஓட்டுநர் உரிமத்திலும் இதே கதை. சட்டத்தில் கியர் உள்ள வண்டி, கியர் இல்லாத வண்டி என்று இரண்டு வகை. பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று என்று எங்கும் எழுதவில்லை. ஆனாலும் 19 வயதில் என்னை அழைத்துப் போன ஓட்டுநர் பயிற்சிக்காரர் கேட்காமலேயே கியர் இல்லாததில் டிக் போட்டார். அந்த டிக்கை அழித்து எழுத எனக்கு 22 வருடம் ஆனது. 41 வயதில் கியர் சேர்க்கப் போனபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "யாருக்கும்மா?" என்றார்.

டாட் ராபின்சனைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு நான்காம் பக்கம் மறுபடி நினைவுக்கு வந்தது. 1912இல் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அப்பா சைட்கார் செய்பவர். குடும்பம் அமெரிக்காவின் மிச்சிகனுக்குக் குடியேறியது. அந்த மாநிலத்தில் 'ஜாக் பைன்' என்றொரு ஓட்டம் நடக்கும். இரண்டு நாள், 500 மைல், மணல், சதுப்பு, ஓடை. இதுவும் செக்பாயிண்ட் ஆட்டம்தான். ஆயிரம் புள்ளியோடு புறப்படுவார்கள். வழியில் நேரம் தவறத் தவறப் புள்ளி கழியும். ஜெயித்தவருக்குக் கோப்பை இல்லை, ஒரு மாட்டு மணி. 1940இல் சைட்கார் பிரிவில் டாட் ஜெயித்தார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தேசியப் போட்டி ஒன்றில் வென்ற முதல் பெண். 1946இல் மறுபடியும் அதே ஓட்டத்தில், அதே பிரிவில் ஜெயித்தார்.

இந்த வெற்றிகள் எல்லாக் குறிப்பிலும் இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. பெண்கள் போட்டியில் ஓடக்கூடாது என்று சங்கத்தின் பொறுப்பில் இருந்தவர் தடுக்கப் பார்த்தார். டாட் செய்தது, கூட ஓட்டுகிறவர்களிடம் போய்க் கையெழுத்து வாங்கியது. ஒருத்தி ஓடலாம் என்று கூட ஓடும் ஆண்கள் கையெழுத்திட்ட மனு. மணலில் சைட்கார் தள்ளப் பழகியதோடு இதுவும் அவருடைய பயிற்சியில் சேர்ந்தது. இதற்கு எத்தனை நாள் பெட்ரோல் போட்டார், யார் யாரிடம் சிரித்துப் பேச வேண்டியிருந்தது என்பதை யாரும் புள்ளியாகக் கணக்கிடவில்லை. அவர் இளஞ்சிவப்பு நிற வண்டி ஓட்டினார். சேறு அப்பிய உடையில் வந்து இறங்கி, கொஞ்ச நேரத்தில் கவுனும் தொப்பியுமாக விருந்துக்கு வருவாராம். இளவயதில் இதைப் படித்திருந்தால் எரிச்சல்பட்டிருப்பேன். இப்போது படும்போது, அதுவும் கைப்பையில் வைத்திருந்த ஓர் ஒப்புதல் கடிதம் என்றே தோன்றுகிறது.

ராட் ஐலண்டில் இருந்த லிண்டா டூஜோ 1930களின் கடைசியில் இன்னொரு வேலை செய்துகொண்டிருந்தார். வண்டி விற்பனையாளர்களுக்கும் ஓட்டுகிறவர்களுக்கும் கடிதம் எழுதினார். உங்கள் ஊரில் சொந்தமாக வண்டி வைத்து ஓட்டும் பெண் யாராவது இருக்கிறாரா? பதில் வந்த ஒவ்வொரு பெயராகச் சேர்த்துச் சேர்த்து 51 பேர் ஆனார்கள். 1940இல் அப்படி உருவானதுதான் 'மோட்டார் மெய்ட்ஸ்'. டாட் அதன் முதல் தலைவர். அடுத்த ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வதும் ஆயத்தத்தில் ஒரு பகுதிதான். இன்னும் சொன்னால் வழியில் வண்டி நின்றால் யார் வீட்டுக்குப் போவது என்ற கேள்விக்கு அந்த 51 பெயர்தான் பதில்.

எல்லோருக்கும் அந்தப் பதில் கிடைக்கவில்லை. பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட் கறுப்பினப் பெண். நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தெற்கு மாநிலங்களில் தனியாக ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்குச் செய்தி கொண்டுபோனார். வழியில் கறுப்பின வீடு கிடைத்தால் அங்கே தங்குவார். கிடைக்காத இரவில், பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, ஜாக்கெட்டைச் சுருட்டி ஹேண்டில்பாரில் தலைக்கு வைத்து, பின் மட்கார்டில் கால் நீட்டித் தூங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். நான் போகும் ராலியில் தூங்கினால் புள்ளி. அவருக்குத் தூங்க இடம் கிடைப்பதே போட்டியாக இருந்தது. 'லாட்ஜில் ரூம் போட்டுக்கொள்ளலாம்' என்று நான் எளிதாகச் சொல்ல முடிவதில் என் படிப்பும் சம்பளமும் மட்டுமல்ல, அடையாள அட்டையில் உள்ள ஊர்த்தெருவின் பெயரும் வேலை செய்கிறது. அதே விடுதியில், தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று சொல்லவும் அதே மேஜைக்காரருக்குத் தெரியும்.

அம்மா கேட்ட ஒரே கேள்வியும் இதுதான். ரூட் போட்டுக்கொண்டிருந்த இரவில் எழுந்து வந்து, "ராத்திரி எங்கடி படுப்ப?" என்றாள். தூங்காமல் ஓட்டுவேன் என்று நினைத்துப் பயப்படுகிறாளோ என்று, மூன்று மணி நேரம் ஓய்வு உண்டு என்றேன். "அது இல்ல. எங்க படுப்ப?"

ஒப்புதல் கடிதம் பற்றி ஏற்பாட்டாளருக்கு போன் செய்தேன். முப்பது வயதுக்குள் இருப்பார், மரியாதையான பையன். "மேடம், இது உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார். "தம்பி, விபத்துன்னா யாருக்குச் சொல்லணும்னு ஒரு நம்பர் கேளுங்க, தர்றேன். எல்லார்கிட்டயும் கேளுங்க" என்றேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். பதிவு செய்த 60 சொச்சம் பேரில் பெண்கள் நாலு பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு பல் மருத்துவர், ஓசூரில் ஆலையில் ஷிப்டு பார்க்கும் ஒரு பெண், நாகர்கோவிலில் இன்னொரு ஆசிரியை. மூன்று பேருக்கும் பேசினேன். ஓசூர்க்காரி ஏற்கெனவே அண்ணனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டாள். "வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சுக்கா, ரெண்டு மாசம் அவன் கார் தவணைய நான் கட்டுனேன்" என்றாள். நாலு பேரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். இந்த வரி வேண்டும் என்றால் எல்லோருக்கும் வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம்.

நாங்கள் எதிர்பார்த்தது இரண்டாவது. அவர்கள் செய்தது முதலாவது. மறுநாள் குழுவில் அறிவிப்பு: பங்கேற்கும் அனைவரும் மனைவி, கணவர் அல்லது பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தை இணைக்க வேண்டும். நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள்.

அன்று மாலை குழுவில் நடந்ததை நான் அச்சு எடுத்து வைத்திருக்கிறேன். என்ன இது ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி என்று ஒருவர். 15 வருஷமா ஓட்டறேன், எவன்கிட்டயும் கேட்டதில்லை என்று ஒருவர். பொண்டாட்டிகிட்ட கையெழுத்து வாங்கவா என்று கேட்டவருக்கு 20 சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. ஒருவர் மட்டும், வீட்டில் சொல்லாமல்தான் வருவதாகவும் கடிதம் கேட்டால் வர முடியாது என்றும் எழுதிவிட்டு உடனே அழித்தார். நாங்கள் நாலு பேரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. இரண்டாம் நாள் காலையில் அந்த வரியே படிவத்தில் இல்லை. அதற்குப் பதிலாக அவசரத் தொடர்புக்கு ஓர் எண் கேட்டிருந்தார்கள்.

2019இல் வெண்டி கிராக்கெட் அயர்ன் பட் ராலியில் முதலிடம் பிடித்தார். ராலி தொடங்கி 35 வருடத்தில் முதல் பெண். ஜெயித்ததைப் பற்றி நிறைய வந்திருக்கிறது. நான் தேடுவது அவர் புறப்பட்ட வாரத்தின் பட்டியலை.

அம்மாவின் எண்ணைத்தான் எழுதினேன். அவளுடைய போனில் ஒலி எப்போதும் குறைந்தே இருக்கும். அதைக் கூட்டி வைத்து, கூட்டியது தெரிகிறதா என்று உள்ளறைக்கும் கூடத்துக்குமாக நாலு முறை அடித்துப் பார்த்தேன். நாலாவது முறை எடுத்து, "என்னடி, இங்கதானே இருக்க" என்றாள். பிறகு எழுந்து போய், மடித்து வைத்த பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்து என் பை மேல் வைத்தாள். இடம் இல்லை என்று சொன்னேன். கூடுதல் செயின் ஆயிலை எடுத்துவிட்டால் இடம் இருக்கும் என்றாள்.